வயர்ப் பழுதைத் தேட நேரம் கொடுங்கள்: ஒரு விமானப் பராமரிப்பு நிறுவனத்தின் நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு,

சென்ற மாதம் உங்கள் ஹேங்கரின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட சுற்றறிக்கை மூன்று முடிவுகளை அறிவிக்கிறது. மின்சாரத்திலோ ஏவியானிக்ஸிலோ (விமானத்தின் மின்னணுக் கருவிகளில்) பதிவாகும் ஸ்னாக், அதாவது கோளாறு, ஒன்றுக்கு ஒதுக்கிய நேரத்துக்குள் காரணம் கிடைக்காவிட்டால், சந்தேகத்துக்குரிய மின்னணுப் பெட்டியை மாற்றி, புதிய பெட்டி தன் சுயசோதனையில் தேறியதும் ‘பழுது காணப்படவில்லை’ என்று பதிந்து விமானத்தை விடுவிக்க வேண்டும் என்பது முதல் முடிவு. வயரில் பழுது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று காட்டும் டி.டி.ஆர். கருவியின் அளவுத்திருத்தக் கெடு முடிந்துவிட்டது, அதைப் புதுப்பிக்க வேண்டியதில்லை, கிடங்கில் ஒப்படைத்துவிடலாம் என்பது இரண்டாவது. வயரிங் குறித்து 2 நாள் நடந்துவந்த செய்முறைப் பயிற்சி இனிமேல் கணினித் திரையில் பார்த்து முடிக்கும் ஒரு மணி நேரப் பாடமாகும் என்பது மூன்றாவது. தனித்தனியே பார்த்தால் செலவுக் குறைப்பு போலத் தெரியும் இந்த மூன்றும் ஒன்றுசேரும்போது, விமானத்தின் வயரில் இருக்கும் பழுதைத் தேடிப் பிடிக்கும் வேலையே உங்கள் ஹேங்கரில் நின்றுபோகும்.

நான் 31 ஆண்டுகள் விமான மின்சாரமும் ஏவியானிக்ஸும் பார்த்த உரிமம் பெற்ற பொறியாளர். அதில் கடைசி 12 ஆண்டுகள் உங்களிடம்தான் கழிந்தன. என்னிடம் வேலை பழகியவர்கள் இன்று அங்கே கையெழுத்திட்டு விமானத்தை விடுவிக்கும் பொறுப்பில் இருக்கிறார்கள். இந்தச் சுற்றறிக்கைக்குக் கீழ் நாளை ஏதேனும் நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். பணியில் இருந்துகொண்டு அவர்கள் பேச முடியாததை, ஓய்வு பெற்றுவிட்ட நான் வெளிப்படையாக எழுதுகிறேன். ஹேங்கரில் இந்த வேலையைத் தமிழில் பேசித்தான் செய்தோம். தமிழில் எழுதினால்தான் அங்கே வேலை செய்கிற ஒவ்வொருவரும் படிப்பார்கள் என்பதால் இம்மொழியில் எழுதுகிறேன்.

ஓய்வு பெறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றை உங்களுக்கு நினைவூட்ட வேண்டும். அதன் பதிவுகள் உங்களிடமே இருக்கின்றன. ஒரு சிறிய பயணிகள் விமானத்தில், தரையிறங்குவதற்காகச் சக்கரத்தை இறக்கும்போது, ஒரு பக்கச் சக்கரத்துக்கு உரிய பச்சை விளக்கு சில சமயம் தாமதமாக எரிந்தது, சில சமயம் எரிந்து அணைந்தது. 19 நாட்களில் 5 முறை விமானிகள் டெக் லாகில் (விமானத்தின் கோளாறுப் பதிவேட்டில்) எழுதினார்கள். ஒவ்வொரு முறையும் தரையில் சோதித்தோம், எல்லாம் சரியாக இருந்தது. சென்சாரை இரண்டு முறை மாற்றினோம். சக்கரத்தின் நிலையைக் கணிக்கும் மின்னணுப் பெட்டியை மூன்று முறை மாற்றினோம். கழற்றி அனுப்பிய மூன்று பெட்டிகளும் பணிமனையிலிருந்து ‘பழுது காணப்படவில்லை’ என்ற அட்டையோடு திரும்பி வந்தன. அந்த அட்டை பெட்டியைப் பற்றி உண்மையைத்தான் சொன்னது. பெட்டியில் பழுதில்லை என்றால் வேறெங்கோ இருக்கிறது என்பதையும் அது சொன்னது. அந்த இரண்டாவது செய்தியை நாங்கள் மூன்று முறையும் படிக்கத் தவறினோம். அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு.

ஐந்தாம் முறைக்குப் பிறகு, அன்றைய ஷிப்ட் பொறுப்பாளர் ஓர் இரவு முழுவதையும் எங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். மல்டிமீட்டரில் தொடர்ச்சி சரியாக இருந்தது. பெட்டியையும் சென்சாரையும் கழற்றிவிட்டு மெக்கர் வைத்துப் பார்த்தோம், காப்புறையின் தடையும் நன்றாகவே இருந்தது. பெட்டியின் கனெக்டரில் டி.டி.ஆரை இணைத்தபோது திரையில் வந்த கோடும் முதலில் சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு இளம் மெக்கானிக் ஒருவரைச் சக்கர அறைக்குள் அனுப்பி, வயர்க்கட்டைத் தாங்கும் கிளாம்புகளை ஒவ்வொன்றாக விரலால் மெல்ல அசைக்கச் சொன்னேன். நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூன்றாவது கிளாம்பைத் தொட்டபோது கோடு ஒரு கணம் கீழே குதித்து மீண்டது. மறுபடி அசைக்கச் சொன்னேன், மறுபடி குதித்தது. திரை காட்டிய தூரம் 7.4 மீட்டர்.

அந்த கிளாம்பின் ரப்பர் மெத்தை ஹைட்ராலிக் எண்ணெயில் ஊறிச் சிதைந்து போயிருந்தது. கிளாம்பின் உலோக விளிம்பு காப்புறையை அரித்து உள்ளே இறங்கி, 19 இழைகளில் பாதிக்கு மேல் அறுத்திருந்தது. தரையில், ஹேங்கரின் வெப்பத்தில், நிற்கும் விமானத்தில் அந்த இழைகள் உலோகத்தைத் தொடாமல் மயிரிழை விலகி நின்றன. மேலே குளிரில் எல்லாம் சுருங்கி, சக்கரம் இறங்கும் அதிர்வு சேரும்போது தொட்டன. மல்டிமீட்டர் ஏன் எதையும் காட்டவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது: நாங்கள் அளந்த நேரத்தில் பழுது அங்கே இல்லை. வெட்டி எடுத்துப் புதுத் துண்டு இணைத்து, கிளாம்பை மாற்றினோம். நான் அங்கிருந்த வரை அந்த விமானத்தில் அந்த ஸ்னாக் திரும்ப வரவில்லை.

உங்கள் சுற்றறிக்கை அன்று நடைமுறையில் இருந்திருந்தால், நான்காவது பெட்டி ஏறியிருக்கும். டி.டி.ஆர். கிடங்கில் பூட்டிக் கிடந்திருக்கும். கிளாம்பை அசைத்துப் பார்க்கத் தெரிந்த அந்த இளைஞர் திரையில் படம் மட்டுமே பார்த்திருப்பார்.

பெட்டியை மாற்றுவது பாதுகாப்பான பக்கம் சாய்வது என்ற எண்ணம் உங்களிடம் இருக்கலாம் என்பதால் ஒன்றைச் சொல்கிறேன். ஒவ்வொரு முறை பெட்டியைக் கழற்றும்போதும் கனெக்டரைத் திருகிப் பிரிக்கிறோம், மீண்டும் சேர்க்கிறோம். பின்கள் வளைகின்றன, பின்னைப் பிடித்திருக்கும் தாங்கி தளர்கிறது, கனெக்டருக்குப் பின்னால் வயர் முறுக்கப்படுகிறது. இருக்கும் பழுதைத் தேடாமல் பெட்டி மாற்றிக்கொண்டே போகும்போது, இல்லாத பழுதை நாமே உண்டாக்குகிறோம். கனெக்டரில் பின் ஒன்று உள்ளே தள்ளப்பட்டு, அதனால் முற்றிலும் வேறொரு ஸ்னாக் தோன்றியதை என் பணிக்காலத்தில் பலமுறை கண்டிருக்கிறேன்.

சர்க்யூட் பிரேக்கர் இருக்கிறதே, வயரில் ஏதாவது ஆனால் அது துண்டித்துவிடாதா என்று உங்கள் கூட்டமொன்றில் நிதிப் பொறுப்பில் இருந்த ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி, அன்று எனக்குப் பதில் சொல்ல அவகாசம் தரப்படவில்லை. வழக்கமான பிரேக்கர் வெப்பத்தை உணர்ந்து துண்டிக்கும் கருவி. வரம்புக்கு மேல் மின்னோட்டம் போதிய நேரம் ஓடினால்தான் அது விழும். உரசிய வயரில் எழும் மின்வில் (இடைவெளியைத் தாண்டிப் பாயும் மின்பொறி) அப்படி ஓடுவதில்லை. ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரம் எழுந்து அணைந்து, மீண்டும் எழும். அந்தப் புள்ளியில் செம்பு உருகும் அளவுக்கு வெப்பம் இருக்கும், ஆனால் பிரேக்கர் வழியே போகும் சராசரி மின்னோட்டம் வரம்பைத் தொட்டிருக்காது. பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக் காப்புறை கொண்ட பழைய வயர்களில் நிலைமை இன்னும் மோசம். மின்வில் பட்ட இடத்தில் அந்தக் காப்புறை கரியாகி, கரி மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கி, பக்கத்து வயர்களுக்கும் பழுது பரவும். விழுந்த பிரேக்கரைக் காரணம் தேடாமல் மீண்டும் தள்ளிவிட்டால் அந்தக் கரிப்பாதைக்கு நாமே மின்சாரம் ஊட்டுகிறோம். மின்வில்லையே அடையாளம் கண்டு துண்டிக்கும் பிரேக்கர்கள் இன்று உண்டு. உங்களிடம் வரும் விமானங்களில் பெரும்பாலானவற்றில் பெரும்பாலான மின்சுற்றுகளுக்கு அவை இல்லை.

1998 செப்டம்பர் 2 அன்று இரவு நியூயார்க்கிலிருந்து ஜெனீவாவுக்குப் புறப்பட்ட ஸ்விஸ்ஏர் 111, கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பெகிஸ் கோவ் அருகே கடலில் விழுந்தது. அதில் இருந்த 229 பேரும் இறந்தார்கள். விமானிகள் ஏதோ வாசனை வருவதை உணர்ந்ததற்கும் விமானம் கடலில் மோதியதற்கும் இடையே 21 நிமிடம்கூட முழுதாக இல்லை. கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ந்து 2003 மார்ச்சில் அறிக்கை தந்தது. கடலடியிலிருந்து துண்டு துண்டாக எடுத்து, விமானத்தின் முன்பகுதியை ஏறத்தாழ 10 மீட்டர் நீளத்துக்கு மறுபடி கட்டி, எந்த வயரில் செம்பு உருகி உறைந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். விமானி அறையின் கூரைக்கு மேலே ஒரு வயரில் எழுந்த மின்வில், அருகிலிருந்த வெப்பக்காப்புப் போர்வையின் மெல்லிய உறையைப் பற்றவைத்தது என்பது முடிவு. பயணிகளின் பொழுதுபோக்கு அமைப்புக்காகப் பின்னாளில் இழுக்கப்பட்ட வயரில் அத்தகைய தடயம் கிடைத்தது. ஆனால் முதல் மின்வில் அதுதானா என்பதை அவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த விமானத்தில் இருந்த வகை பிரேக்கர்கள் எல்லா விதமான மின்வில்லுக்கும் பாதுகாப்பு தர வல்லவை அல்ல என்று அந்த அறிக்கை தெளிவாகவே எழுதியிருக்கிறது. உங்கள் நிதிப் பொறுப்பாளரின் கேள்விக்கு என் பதில் அதுதான்.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1996 ஜூலை 17 அன்று, நியூயார்க்கிலிருந்து கிளம்பிய டி.டபிள்யூ.ஏ. 800 விமானம் வெடித்து 230 பேர் இறந்தார்கள். நடு எரிபொருள் தொட்டியில் இருந்த ஆவி தீப்பற்றியது. எது பற்றவைத்தது என்று அறுதியிட முடியாவிட்டாலும், தொட்டிக்கு வெளியே ஏற்பட்ட குறுக்குச்சுற்று, எரிபொருள் அளவு காட்டும் வயர் வழியாக மிகை மின்னழுத்தத்தை உள்ளே அனுப்பியிருப்பதே மிகவும் சாத்தியம் என்று அமெரிக்க விசாரணை வாரியம் 2000இல் சொன்னது. அந்த விசாரணையின்போது வேறு பழைய விமானங்களைத் திறந்து பார்த்தவர்கள், விரிசல் விட்ட காப்புறைகளையும், வயர்க்கட்டுகளுக்குள் குத்தி நின்ற உலோகச் சீவல்களையும் கண்டார்கள். அதையொட்டி அமெரிக்காவில் அமைந்த ஆலோசனைக் குழு, சேவையிலிருந்து ஓய்வு பெற்ற 6 விமானங்களின் வயர்களை முதலில் கண்ணால் பார்த்தும், பிறகு கருவிகளாலும் ஆய்வகத்திலும் சோதித்தும் ஒப்பிட்டது. கட்டுக்குள் மறைந்திருக்கும் பழுதுகளைக் கண்பார்வை பெருமளவு தவறவிடுகிறது என்பது அதில் தெரியவந்தது. 2007இல் வந்த அமெரிக்க விதி, வயர், கனெக்டர், கிளாம்ப் எல்லாவற்றையும் சேர்த்து ஈ.டபிள்யூ.ஐ.எஸ். (மின்வயர் இணைப்பு அமைப்பு) என்று பெயரிட்டு, எஞ்சினைப் போல, சக்கரத்தைப் போல, அதையும் ஓர் அமைப்பாகவே நடத்த வேண்டும் என்றது. உங்கள் பயிற்சிக் கையேட்டின் முதல் பக்கத்திலும் அந்த எழுத்துகள் இருக்கின்றன. அந்தப் பயிற்சியைத்தான் இப்போது ஒரு மணி நேரமாக்குகிறீர்கள்.

டி.டி.ஆர். கருவியைப் பற்றி நீங்கள் எடுத்த முடிவுக்கு வருகிறேன். ‘பயன்பாடு குறைவு’ என்று சுற்றறிக்கை காரணம் சொல்கிறது. பயன்பாடு குறைவாக இருந்தது உண்மை. ஷிப்டில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருந்தோம், அதைப் பயன்படுத்த ஒரு மணி நேரம் கேட்டால் புருவம் உயர்ந்தது. கருவி செய்வது எளிய காரியம்: வயரின் ஒரு முனையில் மிகச் சிறிய மின் துடிப்பை அனுப்பும், வழியில் வயரின் இம்பீடன்ஸ் (துடிப்புக்கு வயர் காட்டும் எதிர்ப்பு) மாறும் இடத்திலிருந்து திரும்பும் எதிரொலிக்குக் காத்திருக்கும். அறுந்த முனையிலிருந்து துடிப்பு அப்படியே திரும்பும், குறுக்குச்சுற்றிலிருந்து தலைகீழாகத் திரும்பும். துடிப்பு ஒளியின் வேகத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் ஓடுகிறது. ஆகவே ஒரு மீட்டர் தூரத்துக்குப் போய்த் திரும்பச் சுமார் 10 நானோநொடி ஆகும். நான் சொன்ன 7.4 மீட்டருக்கு எதிரொலி 70 நானோநொடியை ஒட்டி வந்தது. அந்த வகை வயருக்கு உரிய வேக விகிதம், அதாவது ஒளியின் வேகத்தில் துடிப்பின் வேகம் எத்தனை பங்கு என்பது, 0.69. அதற்குப் பதில் யாராவது 0.66 என்று கொடுத்திருந்தால் தூரம் 30 சென்டிமீட்டருக்கு மேல் தவறியிருக்கும். நாங்கள் வேறொரு கிளாம்பை, ஒருவேளை வேறொரு பேனலையே திறந்திருப்போம். அளவுத்திருத்தமும் பயிற்சியும் ஒன்றையொன்று பிரிக்க முடியாதவை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று என்னிடம் இல்லை.

கருவியின் குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. காப்புறை மட்டும் உரசி, செம்பு இன்னும் முழுமையாக இருக்கும்போது எதிரொலி மிகச் சிறியது. வயர்க்கட்டு கொஞ்சம் அசைந்தாலே அதைவிடப் பெரிய மாற்றம் திரையில் வரும். ஒரே வயர் பல கிளைகளாகப் பிரியும் இடங்களில் எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, எது எங்கிருந்து வருகிறது என்று சொல்வது கடினமாகும். இந்தக் குறைகளுக்கு மாற்று, வயர் நல்ல நிலையில் இருக்கும்போதே அதன் கோட்டைப் பதிந்து வைத்து, பின்னாளில் ஒப்பிட்டுப் பார்ப்பது. பெரிய சோதனைக்காக விமானம் வாரக்கணக்கில் நின்று, தரைப்பலகையும் உள்சுவர்ப் பேனலும் திறந்து கிடக்கும்போது அதைச் செய்ய முடியும். நான் எழுத்தில் இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் பதில் வரவில்லை. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் வயரிலேயே, இரைச்சல் அளவுக்கு மெல்லிய சிக்னலை அனுப்பித் தொடர்ந்து கண்காணிக்கும் முறையையும் அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தின் சிந்தியா ஃபர்ஸும் உடன் பணியாற்றியவர்களும் இருபது ஆண்டுகளுக்கு முன்பே உருவாக்கிக் காட்டிவிட்டார்கள். வந்து போகும் பழுதை, அது வந்திருக்கும் அந்தக் கணத்திலேயே பிடிப்பதற்கான வழி அது. உலகம் அந்தத் திசையில் போகும்போது, நீங்கள் இருக்கும் ஒரு கருவியையும் கிடங்குக்கு அனுப்புகிறீர்கள்.

செய்முறைப் பயிற்சியில் நான் ஒரு பெட்டி வைத்திருந்தேன். விமானங்களிலிருந்து வெட்டி எடுத்த பழுதான வயர்கள் அதில் இருந்தன, ஒவ்வொன்றிலும் எங்கே கிடைத்தது என்ற அட்டை. விமானத்தில் உணவு தயாரிக்கும் பகுதியான கேலிக்குக் கீழே கசிந்த காபியிலும் பழச்சாற்றிலும் ஊறி விரிசல் விட்ட காப்புறை, கழிவறைத் தண்ணீர் பட்டுப் பச்சை பூத்த கனெக்டர், அளவுக்கு மேல் வளைக்கப்பட்டு உள்ளுக்குள் முறிந்த வயர், ரிப்பேரின்போது விழுந்த உலோகச் சீவல் குத்திய வயர்க்கட்டு. அதில் ஒரு துண்டில் நகக்கண் அளவு கரும்புள்ளி இருந்தது. ஒரு விமானத்தில் கேலியின் பக்கம் கருகல் வாசனை வருகிறது என்று பணிப்பெண்கள் இரண்டு முறை சொல்லியும், உணவு சூடாக்கும் மின் அடுப்பை மட்டும் மாற்றிவிட்டு அனுப்பினார்கள். மூன்றாம் முறை தரைப்பலகையைத் திறந்தபோது ஈரத்தில் மின்வில் எழுந்த அந்த இடம் கண்ணில் பட்டது. மூன்று முறையும் பிரேக்கர் விழவில்லை. அந்தத் துண்டைக் கையில் வாங்கி, கண்ணாடியும் டார்ச்சும் கொண்டு பார்த்து, முகர்ந்துகூடப் பார்த்த ஒருவருக்கு அடுத்த முறை எங்கே தேட வேண்டும் என்று தெரிந்திருக்கும். திரையில் வரும் படத்தில் அந்தக் கரும்புள்ளி எந்த விமானத்திலும் இருக்கக்கூடிய ஏதோ ஒரு கறையாகத்தான் தெரியும். அந்தப் பெட்டியை இப்போது அகற்றச் சொல்லியிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன்.

காலை 5 மணிக்குப் புறப்பட வேண்டிய விமானம் நின்றால் யார் யாரிடம் பதில் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பல இரவுகள் அந்தத் தொலைபேசியை எடுத்தவன் நான். நான் கேட்பது ஒவ்வொரு ஸ்னாக்குக்கும் ஓர் இரவு அல்ல. ஒரே ஸ்னாக் திரும்பத் திரும்ப வரும்போது, பெட்டியை விட்டு வயரைப் பார்க்கும் உரிமையும் நேரமும் அந்தப் பொறியாளருக்கு வேண்டும் என்பதே.

ஆகவே பின்வருவனவற்றைச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். சுயசோதனை தேறியதையே காரணமாகக் காட்டிப் பழுது காணப்படவில்லை என்று முடித்துவிடச் சொல்லும் பத்தியைச் சுற்றறிக்கையிலிருந்து நீக்குங்கள். அதன் இடத்தில், ஒரே விமானத்தில் 30 நாட்களுக்குள் ஒரே ஸ்னாக் மூன்றாம் முறை பதிவானால், அடுத்த பெட்டி ஏறுவதற்கு முன் அந்தச் சுற்றின் வயர், கனெக்டர், கிளாம்ப் முழுவதும் சோதிக்கப்பட வேண்டும் என்றும், அதற்கான நேரம் ஒதுக்கப்பட்ட மணிக்கணக்கில் சேராது என்றும் எழுதுங்கள். விழுந்த பிரேக்கரைக் காரணம் கண்டு பதியாமல் யாரும் மீண்டும் தள்ளக் கூடாது என்பதை அதே தாளில் சேருங்கள். டி.டி.ஆரை இந்த மாதமே அளவுத்திருத்தத்துக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு ஷிப்டிலும் அதைப் படிக்கத் தெரிந்த இருவராவது இருக்கும்படி செய்யுங்கள். அடுத்து பெரிய சோதனைக்கு வரும் விமானத்திலிருந்து தொடங்கி, சக்கர அறை, கேலிக்குக் கீழ்ப்பகுதி, எரிபொருள் அளவு காட்டும் சுற்று ஆகிய மூன்று இடங்களின் நல்ல நிலைக் கோடுகளை, விமானத் தயாரிப்பாளரின் கையேடு அனுமதிக்கும் முறையில், பதிந்து அந்த விமானத்தின் ஆவணத்தோடு வையுங்கள். 2 நாள் செய்முறைப் பயிற்சியை மீட்டுக் கொடுங்கள். வயர்த் துண்டுகள் இருந்த அந்தப் பெட்டியை எறிந்துவிடாமல் பயிற்சி அறையிலேயே திரும்ப வையுங்கள். அட்டைகள் அழிந்திருந்தால் நான் வந்து எழுதித் தருகிறேன்.

இந்த மடலுக்கான பதிலை எனக்கு அனுப்ப வேண்டிய அவசியமில்லை. சுற்றறிக்கை ஒட்டப்பட்ட அதே பலகையில், ஷிப்ட் மாறும்போது எல்லோரும் படிக்கும்படி, தேதியும் கையெழுத்தும் இட்டு ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஹேங்கரில் ஏவியானிக்ஸ் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளர்